இடப்பக்கத்து நாற்காலி

அரைவட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தன் வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருப்பதை நாச்சியார் தெரியாதவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா மேரி எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாள் அவற்றை. நடுவில் மாடல் உட்கார ஒரு முக்காலி, எதிரே பிறைபோல நாற்காலிகள், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. பாளையங்கோட்டையில், மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் பள்ளியின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடிப் படம் வரைகிறவர்களுக்காக ரெஜினா நடத்துகிற குழு அது. வந்தவர்கள் யாரும் கலந்து பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருவர் ஜன்னல் வெளிச்சம் கண் கூசுகிறது என்றார். ஒருவருக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டியிருந்தது. ஒருத்தி காரணம் எதுவும் சொல்லாமல், 'வணக்கம் டீச்சர்' என்று நாச்சியாரின் கழுத்துச் சங்கிலியிடம் சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். முகத்தின் இடப்பாதி விழுந்துபோனவளை வரைய வேண்டுமானால் வலப்பக்கம் உட்கார வேண்டும் என்பது யாரும் கற்றுத்தராமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நல்ல மனிதர்கள். தனித்தனியாக நல்லவர்கள், சேர்ந்தால் ஒரே பக்கம். இந்த மாடி ஒரு படகாக இருந்தால் இந்நேரம் கவிழ்ந்திருக்கும். ரெஜினா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் ஒன்றும் நடக்காததுபோலக் கைதட்டி, "முதல்ல கோமதிநாயகம் சார் ஒரு மோகனம் வாசிப்பாங்க. அதுக்கு முகம் வேண்டாம், பாட்டு போற போக்குல கோடு மட்டும் போடுங்க. அடுத்த ராகத்துக்கு நாச்சியாரை வரையணும். வயலின் நின்னா கையும் நிக்கணும், மறந்துடாதீங்க" என்றாள். நாச்சியாரிடம் குனிந்து, "ஏட்டி, ஆடாம இருப்பியா?" என்று கேட்டாள். பாதி முகம் ஏற்கெனவே ஆடாமல்தான் இருக்கிறது, மீதிப் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் ரெஜினா அழுதுவிடுவாள், அதனால் தலையை மட்டும் அசைத்தாள்.

மாடலாக உட்கார ஒப்புக்கொண்டதற்குக் காரணம் துணிச்சல் அல்ல. மாடல் பேச வேண்டியதில்லை, சிரிக்க வேண்டியதில்லை, சாப்பிட வேண்டியதில்லை. இந்த மூன்றிலும்தான் முகம் தன் பாதியைக் காட்டிக்கொடுக்கிறது. சும்மா இருக்கும்போது அது ஏதோ யோசனையில் இருக்கிற முகம்போலத்தான் தெரியும் என்று உலகநாதன் சொன்னான். சொன்னானே தவிர, அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் தன் நாற்காலியை விட்டுவிட்டு அவளுக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தான். கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கம் உட்கார்ந்தவன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, ரசத்தை மட்டும் நகர்த்தி வைத்தான். அந்த ரசத்துக்காக அவனை மன்னிக்கவும் முடியவில்லை, மன்னிக்காமல் இருக்கவும் முடியவில்லை. முதல் நாள் காட்டிக்கொடுத்தது காபிதான். டம்ளர் ஒழுகுகிறது என்று நினைத்து வேறு டம்ளர் எடுத்தாள், அதுவும் ஒழுகியது, மூன்றாவது டம்ளரும் ஒழுகியபோதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். வலப்பக்கத்து உதடு திடுக்கிட்டது, இடப்பக்கத்து உதடு தனக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று தொங்கியது. முகவாதம். பயப்பட வேண்டாம், நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் தானாகவே சரியாகும் என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில் அவள் ஒரு வாரம் குடியிருந்தாள். எதிர்க்காற்று பட்டது என்றார்கள். பக்கத்து வீட்டு லில்லி புறாக்கறி சாப்பிடச் சொன்னாள். உலகநாதன் அதையும் எங்கிருந்தோ வாங்கிவந்து, சமைக்கத் தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். மூன்று மாதத்துக்குள் ஒரு சின்ன அசைவாவது தெரிய வேண்டும், அது தெரிந்துவிட்டால் மீதியும் மெதுவாக வந்துவிடும், தெரியாவிட்டால் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது. தினமும் காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்று கன்னத்தை உப்பினாள், சீட்டியடித்தாள், பல்லைக் காட்டினாள். வலப்பக்கம் சொன்னதையெல்லாம் செய்தது, கொஞ்சம் அதிகமாகவே செய்தது, வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளைபோல. இடப்பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

மோகனம் தொடங்கியது. கோமதிநாயகம் தரையில் சம்மணமிட்டு, வயலினை மார்புக்கும் காலுக்கும் நடுவே சாய்த்துக்கொண்டு, இதற்கெல்லாம் ஒரு அவசரமும் இல்லை என்பதுபோல வாசித்தார். கரித்துண்டுகள் தாளில் உராய்கிற சத்தம் எறும்புகள் பேசிக்கொள்வதுபோலக் கேட்டது. மோகனத்துக்கு என்ன வரைவார்கள் என்று நாச்சியாருக்குப் பார்க்காமலே தெரியும். ஏறும்போது ஐந்து சுரம், இறங்கும்போது அதே ஐந்து சுரம், ஆகவே கை தானாக ஒரு மலை வரையும், இல்லாவிட்டால் ஒரு கோபுரம், நடுவில் உச்சி, இரண்டு பக்கமும் ஒரே சரிவு. சமச்சீர். இருபது வருஷமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பில் அதைத்தான் முதல் பாடமாக நடத்தினாள். தாளின் ஒரு பாதியில் பெயின்டைக் கொட்டு, மடி, அழுத்து, பிரி. பட்டாம்பூச்சி! பிள்ளைகள் கூவும். அதில் உழைப்பு பாதிதான், மறுபாதி இலவசம், அதனால்தான் அவ்வளவு சந்தோஷம். முகத்தையும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தாள்: ஒரு முட்டை, நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கமும் போடு. போன வருஷம் ஒரு பெண் எழுந்து, 'எங்க அப்பாவுக்கு ஒரு புருவம் உசரம் டீச்சர்' என்றது. 'அப்பாவை விடு, முகத்தைப் போடு' என்று சொல்லி உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட நினைவில்லை. உயர்ந்த புருவம் நினைவிருக்கிறது. உண்மையில் எந்த மனித முகமும் சமச்சீர் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரியும். தன் புகைப்படத்தின் மூக்குமேல் சின்னக் கண்ணாடியை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். இரண்டு வலப்பாதிகள் சேர்ந்தால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற ஒருத்தி வந்தாள், இரண்டு இடப்பாதிகள் சேர்ந்தால் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தி. இப்போது அந்தக் கண்ணாடி எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவள் தேடுவதில்லை. கோயில் மூலவர், கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்து மணமக்கள் படம், இரண்டு குத்துவிளக்குக்கு நடுவே கண்ணீர் அஞ்சலி, எல்லாம் சமச்சீர். மரியாதை வேண்டிய இடத்தில் நடுக்கோடு வேண்டும். நடுக்கோடு இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அசையவும் மாட்டார்கள். ஆமாம், அசையவும் மாட்டார்கள். அஞ்சலிச் சுவரொட்டியில் இருக்கிறவர் அசைவதில்லையே என்று எண்ணம் ஓடியதும் அதை அங்கேயே பிடித்து நிறுத்தினாள்.

மோகனம் முடிந்த இடத்தில் மாடிப்படி அதிர்ந்தது. மூச்சு முதலில் வந்தது, குரல் அடுத்ததாக வந்தது, கடைசியாகப் பேச்சியம்மாள் வந்தாள். வேறொரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். போன மாதம்தான் குழுவில் சேர்ந்தாள், இதுவரை வரைந்தது ஒரு ஜாடி, இரண்டு ஜாடி, மூடிபோட்ட ஜாடி. "கீழே தையல் கிளாஸ்ல போயி உக்காந்துட்டேன் ரெஜினா. அங்க ஒருத்தி எனக்கு அளவு எடுக்க ஆரம்பிச்சுட்டா. நான் மாடலை எங்கேன்னு கேக்கேன், அவ என்னையேதான் மாடல்ங்கா" என்று அறை முழுவதுக்கும் அறிவித்தாள். சிரிப்பு எழுந்தது. நாச்சியார் சிரிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். பேச்சியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். வலப்பக்கத்தில் நாற்காலிமேல் நாற்காலியாக நெருக்கம், ஒருவர் பலகை இன்னொருவர் முதுகில் இடித்தது. இடப்பக்கத்தில் சிமெண்டுத் தரையும் ஒரே ஒரு நாற்காலியும். "இதென்ன, பஸ் ஸ்டாண்டா இது? எல்லாரும் ஒரே பக்கம் தொங்குதீங்க?" "டீச்சர், இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் பண்ணுதோம், வாங்க" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். "எதுக்கு? இங்க மைதானமே காலியாக் கெடக்கு. எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான், ரெண்டும் வரைய வராது" என்று சொல்லி, நாற்காலியை இழுத்து நாச்சியாரின் இடக்கன்னத்துக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாச்சியாரின் இடது காதுக்குள் மூச்சிரைப்பு ஒன்று வந்து குடியேறியது. மூன்று மாதமாக அந்தப் பக்கத்தில் டாக்டரைத் தவிர யாரும் உட்காரவில்லை. வெட்கம் கழுத்திலிருந்து ஏறியது. எழுந்து போய்விடலாமா. போனால் பன்னிரண்டு பேரும் தரையைப் பார்ப்பார்கள், பேச்சியம்மாள் மட்டும் ஏன் என்று கேட்பாள், உரக்கக் கேட்பாள். அதைவிட உட்கார்ந்திருப்பது மேல்.

கோமதிநாயகம் பிலஹரியை எடுத்தார். காலை நேரத்துக்கு உகந்த ராகம், உற்சாகமான ராகம் என்றெல்லாம் சொல்வார்கள், ஆனால் நாச்சியாருக்கு அதில் பிடித்தது வேறு: ஏறும்போது ஐந்து சுரம், இறங்கும்போது ஏழு. மாடிக்குத் தாவிப் போய்விட்டு, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று யாரையாவது விசாரித்துவிட்டு வருகிற ஆள்மாதிரி. இதற்கு மலை வரைய முடியாது. ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சரிவு. சமச்சீரற்ற அமைப்பு, இரண்டாவது பாடம். அதற்கு உதாரணம் எழுதச் சொன்னால் வகுப்பு முழுவதும் நடராஜர் என்று எழுதும், ஆகவே நடராஜரை எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன் என்று எச்சரித்துவிட்டுத்தான் கேள்வித்தாளையே கொடுப்பாள். இடுப்பில் குடத்தோடு நடக்கிறவளைப் பாருங்கள் என்பாள். பாரம் ஒரு பக்கம், வீசுகிற கை மறுபக்கம், கை சும்மா வீசவில்லை, அதுதான் குடத்தைச் சுமக்கிறது. கல்யாண பேனரைப் பாருங்கள், ஒரு மூலையில் தலைவரின் பெரிய தலை, மறுமூலையில் நண்பர்களின் முப்பது சின்னத் தலைகள், நடுவில் இருக்க வேண்டிய மாப்பிள்ளை எங்கேயோ, ஆனாலும் பேனர் விழவில்லை. பெரியது நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால், சின்னது ஓரத்தில் இருந்து அதைச் சமன் செய்யும். காலியிடத்துக்கும் எடை உண்டு. காலியிடத்துக்கும் எடை உண்டு என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள், ஒரு நாளும் அதை நம்பியதில்லை. பாடத்தில் இருந்தது, எழுதினாள். இப்போது தன் முகத்திலேயே ஒரு காலியிடம், அதன் எடை என்ன என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி, தானாக மூடாத இடக்கண்ணை மூடிப் பிளாஸ்திரி ஒட்டுகிற உலகநாதனின் விரலுக்குத் தெரியும். அப்போது அவன் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருப்பான், விளக்கை அணைத்துவிட்டு. இதை இதுவரை எண்ணிப் பார்க்கவில்லையே. இருட்டில் இடப்பக்கம், வெளிச்சத்தில் வலப்பக்கம். கோபப்படுவதா, என்ன செய்வது இந்த ஆளை. இமைக்காத இடக்கண் காற்றில் காய்ந்து எரிந்தது, எரிந்ததும் நீர் கோத்தது, கோத்தது கன்னத்தில் வழிந்தது. துடைத்தால் அசைவு, மாடல் அசையக் கூடாது. கோமதிநாயகம் அதைப் பார்த்துவிட்டார். தன் பிலஹரி ஒரு பெண்ணை அழவைத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு, போன சுரத்துக்கே திரும்பி வந்து அதை இன்னும் இரண்டு மடங்கு நீட்டிக் குழைத்தார். பாவம். சொல்ல முடியாது. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு ஒரு காய்ந்த கண். சிரிப்பு வயிற்றில் புரண்டது. வேண்டாம். மூன்று மாதமாக அவள் சிரிக்கவில்லை, சிரித்தால் வலப்பக்கம் மட்டும் ஓடும், இடப்பக்கம் அதைக் கைவிட்டு நிற்கும், அதைப் பார்க்கிறவர் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறைகிற அந்த இரக்கம், அதற்குச் சிரிக்காமலே இருந்துவிடலாம். டாக்டர் சொன்ன அந்தப் 'பிறகு பார்க்கலாம்'. பிறகு என்றால் எப்போது. பிறகு என்றால் இப்படியே என்று அர்த்தமா. பிள்ளைகள் முன்னால் நின்று முட்டை போட்டு நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கமும் என்று, எந்த வாயால் சொல்வது.

"ஏ மூக்கு, வந்து தொலையேன்" என்றது இடது காதருகே ஒரு முணுமுணுப்பு. பேச்சியம்மாள் தன் தாளோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஜாடிக்கு மூக்கு இல்ல, நிம்மதியா இருந்துச்சு." வயலின் நின்றது, எல்லாக் கைகளும் நின்றன, அந்த நிசப்தத்தில் பேச்சியம்மாளின் கை மட்டும் கரகரவென்று போய்க்கொண்டிருந்தது. "கை நிக்கணும் டீச்சர்" என்றாள் ரெஜினா. "மூக்கு பாதியில நிக்கி, அதை எப்படி அந்தரத்துல விட்டுட்டு நிக்க? ஆளுக்கு மூச்சு முட்டாதா?" என்றாள் பேச்சியம்மாள் முழு அக்கறையோடு. அவ்வளவுதான். நாச்சியாரின் வயிற்றில் அடங்கிக் கிடந்தது குலுங்கிக்கொண்டு மேலே வந்து, தொண்டையைத் தாண்டி, வாயை வந்து முட்டியது. உதட்டை அழுத்திப் பார்த்தாள். தோளும் சேர்ந்து குலுங்கியது. வலப்பக்கத்துக் கூட்டத்திலிருந்து செல்லமான முறையீடு எழுந்தது: "டீச்சர், சிரிக்காதீங்க, இப்பத்தான் உதட்டை முடிச்சேன்." "போச்சு, அழிக்கணும்." "ஒரு ரப்பர் குடுங்கப்பா."

"உங்களுக்கு ஒரு தடவைதானே போச்சு" என்றாள் பேச்சியம்மாள் எரிச்சலோடு. "எனக்கு இது ரெண்டாவது தடவை. நான் இந்த ஓரத்தைப் போட்டு முடிச்சா, அது ஏறிப் போகுது. சரின்னு ஏத்திப் போட்டா, இறங்கி வருது. மூக்குலேருந்து வாய்க்கு ஒரு கோடு இல்லவே இல்லைன்னுதான் விட்டேன், இப்ப சிரிச்சப்ப வந்து நின்னுட்டுப் போகுது. ஒண்ணு இருக்கணும், இல்ல இல்லாம இருக்கணும். நான் எதைப் போட?"

வலப்பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்றார், பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் நின்றுகொண்டேயிருந்தார். ரெஜினா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பேச்சியம்மாள் தான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதாக எண்ணிக் குரலைத் தணித்து, "என்ன? நான் என்ன சொல்லிட்டேன்?" என்றாள்.

நாச்சியார் இடப்பக்கம் திரும்பினாள். மாடல் திரும்பக் கூடாது, திரும்பினாள். கேட்பதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. வலப்பக்கம் இழுத்த இழுப்பில் இந்தப் பக்கம் கூடவே போயிருக்கலாம், தோல்தானே, துணியின் ஒரு மூலையை இழுத்தால் மறுமூலை நகராதா, டாக்டர்கூட முதல் வாரத்தில் அப்படி ஏமாந்து பிறகு திருத்திக்கொண்டார். "வலதுபக்கம் இழுத்ததுல இங்கேயும் நகர்ந்திருக்கும் டீச்சர்" என்றாள்.

"இழுக்கிறதுக்கும் ஏறுறதுக்கும் வித்தியாசம் தெரியாமலா முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கைகால் நீட்டச் சொல்லிக்கொடுத்தேன்? இங்க பாருங்க" என்று பேச்சியம்மாள் கரி படிந்த விரலை நீட்டி, நாச்சியாரின் இடது வாயோரத்தில் வைத்தாள். விரல் சொரசொரப்பாக, சூடாக இருந்தது. "இந்த இடம். இங்கேருந்து மேல. கொஞ்சந்தான், ஒரு நெல்லு அளவு. ஆனா மேல." பிறகு, அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, "இன்னொரு தடவை சிரிச்சா காட்டுதேன். சிரிங்க. ம்... ஒன், டூ..." என்று விசில் இல்லாத குறையாகக் கையை உயர்த்தினாள்.

சொல்லிச் சிரிக்க முடியவில்லை. சொன்னால் வருவது அல்ல அது, மூன்று மாதக் கண்ணாடி அவளுக்கு அதைத்தான் காட்டியது. ஆனால் உயர்ந்த கையும் அந்த ஒன் டூவும், காற்றில் எதற்கோ காத்திருக்கிற விரலும், அதன் நுனியில் தன் கன்னத்து ஈரமும் சேர்ந்து மறுபடி சிரிப்பைக் கிளப்பின. இந்தமுறை அவள் உதட்டை அழுத்தவில்லை.

"அந்தா! அந்தா பாருங்க!" என்று பேச்சியம்மாள் கத்தினாள். கத்தியவள் உடனே தாளைப் பார்த்து முகம் சுருங்கினாள். "மூணாவது தடவை. ரப்பர் எங்கே?"

"அழிக்காதீங்க டீச்சர்" என்றாள் நாச்சியார். "கீழே இருந்ததையும் போடுங்க, மேலே ஏறினதையும் போடுங்க."

"ஒரு மூஞ்சிக்கு ரெண்டு வாயா? ஏற்கெனவே எனக்கு வரையத் தெரியாது. பாக்கிறவன் சிரிப்பான்."

கோமதிநாயகம் வில்லை நரம்பின்மேல் வைத்துக்கொண்டு, போகலாமா என்று புருவத்தால் கேட்டார்.

"சிரிக்கட்டும்" என்றாள் நாச்சியார்.